எல்லாத்துக்கும் இருநூத்தம்பது

— ...படம் மூணு தடவை நின்னுருக்கு அத்தான். நேத்து மத்தியானக் காட்சியில. ஜனம் கத்தித் தீத்துருச்சாம்.

— தியேட்டர்காரன் மெஷின் கிழடு. அதுக்கு நான் என்ன பண்ண?

— கிழடுதான். அதனாலதான் கேக்கறேன். நாம படத்தோட ஃபைலை வினாடிக்கு இருநூத்தம்பது மெகாபிட்னு அவ்வளவு கனமா அனுப்பினா அதுக்கு மூச்சு வாங்காதா?

— விதியில இருக்கற உச்சம் அது. தாண்டினேனா?

— தாண்டல. ஆனா படம் என்ன? ஒரு ரூம், ஒரு மேசை, ரெண்டு பேர் உக்காந்து பேசறாங்க. ஃபைலை இன்னும் நல்லா அமுக்கிச் சின்னதாக்கி, நூத்திருபதுல அனுப்பியிருந்தாலே தாராளம்.

— தரம்னு ஒண்ணு இருக்கும்மா. நீ இங்க வேலைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆச்சு.

— அந்த எட்டு மாசத்துல பதினாலு படம். கார்ட்டூன், சண்டை, அழுகை... எல்லாத்துக்கும் இருநூத்தம்பது.

— அடேங்கப்பா! நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்.

— சிரிக்காதீங்க. யார் பாத்து கையெழுத்து போட்டதுன்னு முதலாளி கேக்கறார். மூணு மணிக்குள்ள பதில் வேணுமாம். இன்னொரு தடவை நின்னா உங்க நாற்காலியில வேற ஆளுன்னுட்டார்.

— சரி சரி. நூத்திருபதுல அமுக்கிப் போடு. பாத்துச் சொல்லிடறேன்.

— முன்னாடியே அமுக்கி வச்சுட்டேன். திரையில ஓடுது பாருங்க.

— ம்... பிரமாதம். நீ சொன்னது சரிதான், நூத்திருபதே போதும்.

— படத்துல அந்தம்மா போட்டிருக்கற ஸ்வெட்டர் எப்படி இருக்கு?

— ஸ்வெட்டருக்கு என்ன? நூல் நூலா எண்ணலாம்.

— அத்தான்... இது நூத்திருபது இல்ல. நாப்பது.

— நாப்பதா?

— ஸ்வெட்டர்ல நூலே இல்ல. மெழுகி விட்ட மாதிரி கிடக்கு. பின்னாடி சுவர்ல சொரசொரப்பும் போச்சு.

— என்னையே சோதிச்சியா?

— வேற வழி தெரியல. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

— படத்துல வெளிச்சமான இடம்னா கண்ணுக்குத் தெரியும்மா. கொஞ்சம் மங்கலா வந்தாதான்... எல்லாம் ஒரே புகை.

— அதான் எல்லாத்தையும் உச்சத்துல போட்டீங்களா?

— உச்சத்துல போட்டா படம் கெடாது. கெடலேன்னா நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போய்? படம் பாக்கறதுதான் பொழப்பு, கண்ணு போகுதுன்னா அவர் என்ன சொல்வார்? பயமா இருக்கும்மா. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன்.

— நாளைக்கு நான் கூட வரேன். இனிமே நீங்க அமுக்குங்க, நான் பாக்கறேன். ரெண்டு பேரும் கையெழுத்து போடுவோம். ஆனா முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லிடணும். மறைச்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும்.

— ஒத்துப்பாரா?

— மூணு மணிக்குத் தெரியும்.

— சரி, சொல்லு. யார்கிட்ட வேணா சொல்லு. உங்க அக்கா காதுக்கு மட்டும் போகக் கூடாது. அவ தாங்க மாட்டா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— அத்தான்... என்னை இந்த வேலையில சேரச் சொன்னதே அக்காதான். "அவருக்குக் கண்ணு சரியில்ல, சொல்லவும் மாட்டேங்கறார், நீயாவது பக்கத்துல போய் உக்காருடி"ன்னு அழுதா.