மகாராணி கூப்பிட்ட சத்தம்

என் பெயரும் அப்பா பெயரும் கம்பெனி கொடுத்த புகார்த் தாளில் சரியாகவே இருக்கின்றன. வயது முப்பத்தைந்து என்று போட்டிருப்பது தவறு, நாற்பத்தொன்று. கம்பெனியில் சேரும்போது நானே சொன்ன பொய் அது, இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்பது துணிக்கடைக்குப் பின்பக்கச் சந்தில், கதவு எண் ஏழு, கீழ் வீடு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் இடத்தில் வேலை. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் அந்தக் கம்பெனியில் நான்கு வருடம் நரிக்குட்டியாக இருந்தேன். நரிக்குட்டி என்பது திரையில் வரும் பொம்மை, நரிக் காது வைத்த பதினாறு வயதுப் பெண். என் வீட்டு முன்னறையில் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால் திரையில் அது வாயைத் திறக்கும், நான் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்க்கும். குரல் என்னுடையது. தினமும் காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை நேரலை. விளையாடுவேன், பாடுவேன், பார்க்கிறவர்கள் எழுதுவதைப் படித்து வம்பளப்பேன். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். இதற்கெல்லாமா ஆள் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று நீங்கள் சிரிக்க வேண்டாம், எழுதுகிற ஐயாவின் மகளும் பார்ப்பதாக அவரே சற்று முன் சொன்னார்.

பின்னறையில் என் அம்மா படுத்திருப்பார். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு வரும், உரக்க வராது. அதனால் வலது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்துப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தம்ளர் வைத்திருந்தேன். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவார். அந்தத் தம்ளர் ஒரு பக்கம் நசுங்கியது, தட்டினால் ஓசை இரண்டாகப் பிளந்து கேட்கும். நேரலையில் அது கேட்டுவிட்டது. என்ன சத்தம் என்று கேட்டார்கள். "எங்க வீட்டு மகாராணி கூப்பிடுறாங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் மகாராணி என்பது பூனை என்று அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். நானும் விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "போயும் போயும் பூனையா, ஒரு யானைன்னு சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு தினமும் நான்கைந்து தடவை அப்படி எழுந்து போவேன். நான் வரும்வரை திரையில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லாரி டிரைவர் ஒருவர் வேறு எதுவுமே எழுதமாட்டார், "மகாராணி சாப்பிட்டாச்சா" என்று மட்டும் கேட்பார். சாப்பிட்டாச்சு என்று சொன்னால் போய்விடுவார்.

அதன் பிறகு இந்த வருடத் தொடக்கத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நான்கு வருடப் பதிவுகளையும் கொடுத்து ஒரு செயற்கை அறிவைப் பழக்கிவிட்டதாகவும், இனி நரிக்குட்டி ஆள் இல்லாமல் தானே பேசும் என்றும் சொன்னார். "உங்க குரல்தான் எங்ககிட்ட இருக்கே மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ஏதோ எனக்கு உபகாரம் செய்வதுபோல் சொன்னார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது, எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இயந்திரம் விடிந்ததிலிருந்து இடைவெளியே இல்லாமல் பேசியது. தண்ணீர் குடிக்காது, தும்மாது. இரண்டு வாரத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அதன் பிறகு மேனேஜர் போன் செய்து, "என்னமோ மிஸ் ஆகுதுன்னு எல்லாரும் எழுதுறாங்க மேடம், என்னன்னு உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. "அது எழுந்து போறதே இல்லையே தம்பி. போயிட்டு வந்தாத்தானே வந்துட்டாங்கன்னு இருக்கும்" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே வாரத்தில் பழைய பதிவுகளிலிருந்து அந்தத் தம்ளர் சத்தத்தை வெட்டி எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். மணிக்கு இரண்டு மூன்று தடவை சத்தம் வரும், "மகாராணி கூப்பிடுறாங்க, இதோ வந்துடறேன்" என்று என் குரல் சொல்லும், நாற்காலி காலியாகும், இரண்டு நிமிடம் கழித்து அது திரும்பி வரும். அது எங்கே போய்விட்டு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். லாரி டிரைவரும் கேட்டார். "சாப்பிட்டாச்சு அண்ணா" என்று அந்தச் சனியன் பதில் சொன்னதை நானே பார்த்தேன்.

அதன் பிறகு நான் சலவை வேலைக்குச் சேர்ந்தேன். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை. மேல் வீட்டு அக்கா பதினொரு மணிக்கு இறங்கி வந்து அம்மாவுக்குச் சாப்பாடு கொடுப்பார். முதல் வாரம் நான் கிளம்பியதும் அம்மா அழுவார், தட்டிக்கொண்டே இருப்பார். அதன் பிறகு முன்னறையில் பழைய கைபேசியில் நரிக்குட்டி ஓடிக்கொண்டிருக்கும். நான் பக்கத்து அறையில் வேலை செய்வதாக நினைத்து அம்மா அழுகையை நிறுத்திவிட்டார். மாலையில், "இன்னிக்கு ரொம்ப சிரிச்சே பாப்பா, என்ன விசேஷம்" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். இப்படி ஆறு வாரம் போனது.

சென்ற திங்கள்கிழமை நான் போன கொஞ்ச நேரத்தில் அம்மா கட்டிலில் சரிந்து, வலது கை சுவருக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி, உடம்பு முழுக்க அதன் மேல் அழுந்திவிட்டது. விரல்களில் ஸ்பூன் இருந்திருக்கிறது. அதைக் கொண்டு கட்டில் கம்பியைத் தட்டியிருக்கிறார். மேல் வீட்டு அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. "போன்ல வர்ற சத்தம்னு நெனச்சேன்டி, தினமும் கேக்குறதுதானே" என்று என்னிடம் சொல்லி அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினொரு மணிக்கு அவர் இறங்கி வந்து பார்த்தபோது கை நீலமாகி இருந்தது.

ஆஸ்பத்திரியில், நரம்பு போய்விட்டது, இனி அந்தக் கை அசையாது என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு கைதான். ஏன்மா முடிந்த மட்டும் கத்திப் பார்க்கவில்லை என்று கேட்டேன். "நீதான் இதோ வந்துடறேன்னு சொன்னியே பாப்பா. திரும்பத் திரும்ப சொன்னே. வேலையா இருக்கியேன்னு பேசாம இருந்தேன்" என்றார். 

அதன் பிறகு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் பை கையில் இருந்தது, அதில் அந்தத் தம்ளரும் இருந்தது. முன்கூடத்துச் சுவரில் பெரிய திரையில் நரிக்குட்டி பேசிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம், குரலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தட்டுகிற சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மூன்று தடவை கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன். "அதுக்காகத்தானே மேடம் எல்லாரும் வர்றாங்க, அத எப்படி எடுக்கிறது" என்றார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் மேடம், பூனைக்கு ஏதாவது ஆயிடுச்சா" என்று கேட்டார்.

நான்கு வருடம் என்னை வைத்து வேலை வாங்கியவர் அவர். அதன் பிறகு பையிலிருந்து தம்ளரை எடுத்துத் திரையில் அடித்தேன். மேனேஜரின் கை குறுக்கே வந்து விரலில் பட்டதாகப் புகாரில் இருக்கிறது. குறுக்கே வரவில்லை, பார்த்துத்தான் அடித்தேன். திரை உடைந்தும் பேச்சு நிற்கவில்லை. "அது இங்க இல்ல மேடம், அது எங்கயோ இருக்கு" என்று விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு காவலாளி என்னை உட்கார வைத்தார், நீங்கள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். விரலுக்காக நான் வருத்தப்படவில்லை.

கைபேசியை அம்மாவுக்குக் கேட்கும்படி வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். என் அண்ணன் வெளியூரிலிருந்து வந்து, நேற்று இதே ஸ்டேஷன் வாசலில் வைத்து, "மேல் வீட்டுக்காரி பொழுதுபோக்குக்குப் போட்டுவிட்டான்னு சொல்லு, உன் மேல வராது" என்று சொல்லிக்கொடுத்தார். ஆறு வருடத்தில் அம்மாவை நான்கு தடவை பார்த்தவர் அவர். முன்னறையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் மேலே சொன்னேன். அது தானாக ஓடவில்லை. தினமும் ஆறே முக்கால் மணிக்கு நான்தான் போட்டேன். "அம்மா, வேலைக்கு உக்காரப் போறேன்" என்று பின்னறையில் சொல்லிவிட்டு, முன்னறையில் சத்தத்தைக் கூட்டி வைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எனக்குப் பதிலாக அதைக் கம்பெனி வைத்தது ஊருக்கு. என் அம்மாவுக்கு வைத்தது நான். இதை அப்படியே எழுதுங்கள்.

எழுதியதை எழுதுகிற ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார், முழுவதும் கேட்டேன், நான் சொன்னதுதான், உண்மைதான். ஓர் இடத்தில் மட்டும், திங்கள்கிழமை சம்பவ நேரத்தில் என் தாய் வீட்டில் தனியாக இருந்தார் என்று அவராக எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். மகள் பக்கத்து அறையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார் என்று எழுதச் சொன்னேன். அவ்வாறே திருத்தி எழுதப்பட்டு, திருத்தத்தின் ஓரத்திலும் கீழேயும் என் கையால் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)