பதினாறு மணி நேர இருட்டு

“கட்டுரையில என் பேர்தான் சார் முதல்ல வரணும்.”

ஆராய்ச்சி வழிகாட்டியிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சேர்ந்த அன்றே சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். அதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செடியைக் கண்டுபிடித்தது நான். நாலாயிரம் இலைகளை அயோடினில் நனைத்தேன். மாவுச்சத்து உள்ள இலை கறுக்கும். ஒன்று மட்டும் வெளிறியே கிடந்தது. ஒரு மரபணுவில் பிழை. பகலில் செய்த சர்க்கரையை மாவுச்சத்தாக்கிச் சேமிக்க அந்தச் செடிக்கு வராது. இருட்டானால் பட்டினி. விளக்கே அணையாத அறையில் மட்டும் மற்றவை போல வளரும்.

சார் சிரித்தார். “உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரி. அதுவே பெரிசும்மா.” அந்தச் செடியின் விதைகள் மொத்தத்தையும் ஜூனியரிடம் கொடுத்தார். அவள் அப்பாவும் பேராசிரியர்.

இரவும் பகலும் எரிந்த வளர்ப்பறை விளக்கின் டைமரை மாற்றினேன். எல்லோரும் கிளம்பியதும் அணையும். காலையில் வருவதற்குள் எரியும். நடுவில் பதினாறு மணி நேரம். இலையைக் கிள்ளவில்லை, மருந்து ஊற்றவில்லை. வெளியே எல்லாச் செடிக்கும் இருட்டு உண்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூனியர் அந்த விதைகளை முளைக்கவைத்த தட்டு மஞ்சளித்து, பூக்காமலே காய்ந்தது. டைமரைப் பழையபடி வைத்தேன். பக்கத்துத் தட்டுகள் பிழைத்திருந்ததால் விளக்கை யாரும் சந்தேகப்படவில்லை. தண்ணீர் ஊற்றும் அண்ணனைக் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை.

“அந்தத் தட்டை மட்டும் காயவிட்டியா?”

“பெத்த புள்ளைக்குக்கூட இப்படிப் பாத்துப் பாத்து ஊத்தினதில்ல சார். நம்ம டாக்டரம்மாவைக் கேளுங்க.”

டாக்டர் பட்டம் வாங்குவதற்கு முன்பே அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் அது.

“நான் கவனிக்கல சார்” என்றேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னார்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

நேற்று சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “தெரியாம நடந்துபோச்சு. விடு. அந்த ஆளுக்கு வேற வேலை கிடைச்சிருக்கும்.”

“தெரிஞ்சேதான் சார் செஞ்சேன்.”

காணாமல்போன ஒரு மூட்டைக்காக அப்பாவை மில்லைவிட்டு அனுப்பியபோது எனக்குப் பத்து வயது. அவரை யாரும் விசாரிக்கக்கூட இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் பழி யார் தலையில் விழும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டைமரைத் திருப்பும்போதே அண்ணன் முகம் மனதில் வந்தது. திருப்பினேன்.

“உன் பட்டம் போயிடும்மா” என்றார் சார்.

கதவைத் திறந்துகொண்டு பதிவாளர் அறைக்கு நடந்தேன்.