முகம் பார்த்து முழிக்கும் பெட்டி

லேப்டாப்பின் பட்டனை அழுத்தியதும், படம் வருவதற்கு முன்னால் மூன்று நான்கு வினாடி திரை கறுப்பாகவே இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா சார்? யாரும் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில் உள்ளே ஒரு சின்ன புரோகிராம் எழுந்து, எந்த சிஸ்டத்தை எழுப்பலாம் என்று முடிவு செய்கிறது. பூட்லோடர் என்பார்கள். உங்கள் மேஜைமேல் இருக்கிற இந்த லேப்டாப்பில் அதை எழுதியது நான்தான்.

என் பெயர் அங்கமுத்து. ரோவல் ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே போன், லேப்டாப் பழுது பார்க்கிறேன். பதினான்கு வருடமாகிறது. படித்தது பத்தாவது, மற்றதெல்லாம் நானே இன்டர்நெட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் என்னை 'பாஸ்' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற தேக்கா கடைத்தெருவில் அவ்வளவு கூட்டம். அதில் என் பெயர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

முபாரக் போன வருடம் ஊன்றுகோலோடு வந்தான். ஊர் தொண்டிப் பக்கம். உட்லண்ட்ஸில் ஒரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து வலது கால் முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். விழுந்தபோது கையில் போன் வைத்து மகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். உடைந்த அந்தப் போனையும், பழைய சாமான் கடையில் வாங்கிய இந்த லேப்டாப்பையும் என் முன்னால் வைத்தான்.

போனைப் பிழைக்க வைக்க முடியவில்லை. அந்த வீடியோவையும் வேறு சில ஃபைல்களையும் மட்டும் எடுத்தேன். நாற்பது வினாடி. "ஹனீன், அத்தா எவ்வளவு உசரத்துல நிக்கிறேன் பாரு" என்கிறான். சாரத்தில் கைப்பிடி இல்லை. பலகை சரிகிறது. பிறகு வானம்.

கம்பெனி, அவன் தங்குமிடத்துப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்திருந்தது. கூட வேலை செய்தவர்கள் வேலை பெர்மிட் போய்விடும் என்று வாய் திறக்கவில்லை. காலுக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்ய வேண்டும். செலவை ஏற்கிறோம் என்ற கம்பெனி லெட்டர் இல்லாமல் ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்காது. வேலையில்தான் விழுந்தான் என்று நிரூபித்தால் லெட்டர் வரும். ஆக, அந்த நாற்பது வினாடிதான் அவன் கால்.

லேப்டாப் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்டது. யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டோடு பூட்டிக் கிடந்தது. வேறு சிஸ்டம் எதையும் உள்ளே விடாது. அதற்காகத்தான் சொந்தமாக பூட்லோடர் எழுத ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆனது. தினமும் நாலு மணிக்கு முபாரக் வந்து, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பால் ஊற்றாத தே ஓ டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். "அங்கமுத்தண்ணே, இது முழிக்கறதுக்குள்ள என் மக காலேஜ் போயிருவா" என்பான். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

மூன்றாவது வாரம் திரையில் எழுத்து வந்தது. போனிலிருந்து எடுத்ததையெல்லாம் அதில் ஏற்றினேன். அவன் கைதட்டினான். இனி இவன் இங்கே வர வேண்டிய காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் இன்னும் நாலு வரி சேர்த்தேன். என் கழுத்துக் கயிற்றில் இருக்கிற பென் டிரைவைச் செருகினால்தான் பெட்டி திறக்கும். அவனிடம், உள்ளே கனெக்‌ஷன் லூஸ், நான்தான் பக்குவமாகத் திறக்க வேண்டும் என்றேன்.

அவன் சிரித்தான். "உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் முழிக்குது. அப்படி என்ன ராசியான மூஞ்சிண்ணே இது?"

பிறகு தினமும் வந்தான். நான் திறந்து கொடுப்பேன். மகளின் பழைய வீடியோக்களைப் பார்ப்பான். காலில் சுற்றிய கட்டுத்துணியை நான்தான் மாற்றிவிடுவேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கேஸுக்கு உதவி செய்தவர் உமாமகேஸ்வரி. இந்த ஊரிலேயே பிறந்தவர், தொண்டு வேலை. நல்ல பெண். ஒரு நாள் கடைக்கே வந்து, "அண்ணே, எனக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க லா. ஏன் ரிஸ்க் எடுக்கறீங்க?" என்றார்.

"காப்பி எடுத்தா தேதி மாறிடும்மா. கம்பெனி வக்கீல் அதத்தான் புடிச்சுக்குவாரு. ஒரிஜினலே போகட்டும்."

முபாரக்கும் தலையாட்டினான். "ஆமாக்கா, ஒரிஜினல்தான் பேசும்." எங்கள் ஆட்களுக்கு ஒரிஜினல் என்றால் அவ்வளவு மரியாதை. சர்ட்டிஃபிகேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு விமானம் ஏறியவர்கள். ஜெராக்ஸை எந்தக் கவுண்டரிலும் மதித்ததில்லை. அன்று சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பியை அழித்தேன். ஒரிஜினல் என்றால் ஒன்றுதானே.

தொழிலாளர் அலுவலகத்தில் முதல் விசாரணைக்கு, கடையை விட்டு வர முடியாது என்று நான் சொல்லிவிட்டதால், லேப்டாப்பைத் தனியாக எடுத்துப் போனான். திறக்கவில்லை. வேறு தேதி கொடுத்தார்கள். இரண்டாவது முறையும் அப்படித்தான். இதுதான் கடைசி என்று மூன்றாவது தேதி கொடுத்தார்கள். ஒவ்வொரு தேதிக்கும் நடுவில் ஏழெட்டு வாரம். அதில் எனக்குக் கிடைத்த நாலு மணிச் சாயங்காலங்களை எண்ணிப் பாருங்கள்.

இதற்குள் பிளேட் இருந்த இடத்தில் கசிய ஆரம்பித்திருந்தது. கணுக்காலுக்கு மேல் நிறம் மாறியது. கடையில் ஊதுபத்தி ஏற்ற ஆரம்பித்தேன். "என்னண்ணே, திடீர்னு பக்தி?" என்றான். கொசு என்றேன். அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும். கட்டு மாற்றுகிறவனுக்குத் தெரியாதா?

மூன்றாவது தடவை திறந்து கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நம்புங்கள். நாலு நாள் முன்னால் அவனே சொன்னான்: "அண்ணே, இந்தத் தடவை நீங்களும் வாங்க. உங்க மூஞ்சி இல்லாம அது முழிக்காது. கேஸ் ஜெயிச்சு ஆபரேஷன் முடிஞ்சா, நடக்கற அன்னிக்கே டிக்கெட்டு. ஹனீன் பள்ளிக்கூடத்துல சேரையில நான் பக்கத்துல நிக்கணும்."

"அப்புறம் வருவியா?"

"இந்த ஊருக்கா? சும்மா கொடுத்தாலும் வேணாண்ணே."

பெட்டியை ஒரு தடவை செக் பண்ணித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வரிதான் சேர்த்தேன். விசாரணைத் தேதி. அந்த ஒரு நாள், பென் டிரைவ் இருந்தாலும் திறக்காதே.

விசாரணையன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதிகாரி, கம்பெனி ஆள், உமாமகேஸ்வரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றிச் செருகி, பட்டனை நானே அழுத்தினேன். திரை கறுப்பாக இருந்தது. முபாரக் மெதுவாக, "அண்ணே, நல்லா மூஞ்சியக் காட்டுங்க" என்றான். உமாமகேஸ்வரி சிரித்தார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதிகாரி ஃபைலை மூடினார்.

அன்று சாயங்காலம் கடையிலேயே அவனுக்கு உடம்பு கொதித்தது. நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். லேப்டாப்பை உமாமகேஸ்வரி எடுத்துக்கொண்டு போனார். அதை வேறொருவரிடம் காட்டி, நான் சேர்த்த வரிகளைப் படிக்க வைத்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவனுக்குக் கெடுதல் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விழுந்தபின் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. கம்பெனி வரவில்லை. ஒரு நாள்கூடத் தவறாமல் அவன் பக்கத்தில் இருந்தவன் நான்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குறைந்தது நாலு மாதம் அவன் எங்கேயும் போக முடியாது என்றார் டாக்டர். நான் கீழே போய் இரண்டு தே ஓ வாங்கி வந்தேன்.