நாலு பக்கமும் சரி

— எத்தன தடவ சொல்றது கோமளா? எதிரெதிர்ப் பக்கத்தக் கூட்டு, பாதியாக்கு, வர்ற ரெண்டையும் பெருக்கு. நம்மப் பெத்த நாயனா காலத்துல இருந்து பல்லடத்துல காடு அளக்கறது இப்படித்தான். என்ற கெணத்தடிக் காடு நானூறுக்கு எரநூறு அடி. உன்ற இட்டேரிக் காடும் நானூறுக்கு எரநூறு. ஆளுக்குப் பாதி. அப்பறம் என்ன கெரகம்?

— ஏனுங்கண்ணா, பட்டாவுல ரெண்டு காடும் சேந்து மூணு ஏக்கரா முப்பது சென்ட்டு. உங்க கணக்குல மூணு ஏக்கரா அறுவத்தேழு வருதுங்க. நாயனா போய்ச் சேந்த பின்னால முப்பத்தேழு சென்ட்டு மொளச்சுதுங்களா? என்ன உரம் போட்டீங்க?

— பட்டா எழுதுன கணக்குப்பிள்ள தூக்கத்துல எழுதியிருப்பான்.

— அவரு நல்லா முழிச்சுட்டுத்தானுங்க எழுதியிருக்காரு. போன ஞாயித்துக்கெழம நானே டேப்பப் புடிச்சு அளந்துட்டேன்.

— அடடா! ஆர்.எஸ்.புரத்துல கணக்கு டீச்சராயிட்டா பல்லடத்து மண்ணு கைகட்டி நிக்குமாக்கும்? இங்க பாரு அம்மணி, தங்கச்சி கேட்ட ஒடனே வெங்கடபதி சரிபாதி குடுத்துட்டான்னு ஊரே மெச்சுது. நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீசு. பத்திரம் டைப் அடிச்சாச்சு. கையெழுத்துப் போட வா, பாடம் நடத்த வராத.

— ஒரே நிமிசமுங்க. அந்தத் தீப்பெட்டியக் குடுங்க. இந்தாங்க, குச்சியோட தட்ட உருவிப்போட்டேன். வெறும் கூடு. வாய்ப் பக்கம் பாருங்க, நாலு பக்கம். இப்ப ஒரு ஓரத்துல வெரல வெச்சுச் சாய்க்கறேன். பக்கம் ஏதாச்சும் நீளம் கொறஞ்சுதுங்களா?

— கொறையில.

— உள்ளாற எடம்?

— நான் என்ன அதுக்குள்ள குடியா போகப் போறேன்?

— இன்னும் அமுக்கறேன் பாருங்க. ஒட்டிப்போச்சு. ஒத்தக் குச்சி நுழையாது. ஆனா உங்க கணக்குல இப்பவும் அதே எடந்தானுங்க. நாலு பக்கமும் அப்படியேதான இருக்குது!

— நல்லாருந்த தீப்பெட்டிய நசுக்கிப்போட்டு அதுக்கொரு வெளக்கம் வேற.

— நீளத்தயும் அகலத்தயும் ஏன் பெருக்கறோம்னு எப்பவாச்சும் யோசிச்சீங்களா? அடிக்கு அடி சதுரக் கல்லு பதிக்கறோம்னு வெச்சுக்குங்க. ஒரு வரிசைக்கு நானூறு கல்லு, அப்படி எரநூறு வரிசை. அந்த எண்ணிக்கதானுங்க சூத்தரம். மூலை நேரா இருந்தாத்தான் அது செல்லும். என்ற காடு சாஞ்சு கெடக்குது. இட்டேரி வண்டித்தடத்துல இருந்து எதிர் வேலிக்கு நேரா டேப்பப் புடிச்சா நூத்தறுவது அடிதான். மிச்ச நாப்பது வரிசைய எங்க பதிக்கறது? அடுத்தவன் காட்டுலயா?

— அப்பக் கூட்டிப் பாதியாக்கறது? அதையும் கேனப்பசங்களாச் சேந்து கண்டுபுடிச்சாங்களா?

— அது அருமையான சூத்தரமுங்க, சரிவகத்துக்கு. பாதி ஹெச், இண்டு ஏ ப்ளஸ் பி. ஹெச்சுன்னா நேர் ஒசரம். யாரோ ஒரு புண்ணியவான் ஏயையும் பியையும் பத்தரமா ஊருக்குக் கொண்டாந்துட்டு, ஹெச்ச பஸ்ஸுலயே உட்டுப்போட்டு எறங்கிட்டாரு. அந்த எடத்துல சாஞ்ச பக்கத்தத் தூக்கி வெச்சுட்டாங்க. உங்க காட்டுல மூலை நேரா இருக்கறதுனால கணக்குப் பொருந்திப்போச்சு. மொளச்ச முப்பத்தேழு சென்ட்டும் என்ற பங்குலதானுங்க இல்ல.

— ஒரே ஒரு எழுத்துக்கு முப்பத்தேழு சென்ட்டா? உங்க இங்கிலீசு ரொம்ப வெல ஜாஸ்தி அம்மணி. இதெல்லாம் உன்ற ஊட்டுக்காரரு ஏத்தி உட்டதா?

— அவரு வேற ஒண்ணு சொன்னாருங்க.

— என்னன்னு?

— ‘உங்கண்ணன் தெரிஞ்சேதான் செஞ்சுபோட்டாரு’ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ‘எங்கண்ணனுக்கு ஹெச்சும் தெரியாது, அநியாயமும் தெரியாது’ன்னு சத்தம் போட்டுட்டேன். மூணு நாளா அவருகிட்டப் பேச்சு வார்த்தையே இல்ல. நாயனாவுக்கு அப்பறம் எனக்கு நீங்கதானுங்கண்ணா. காடு போனாக்கூடத் தாங்கிக்குவேன். அவரு சொன்னது நெசமாயிட்டா என்னால தாங்க முடியாது. அதுக்குத்தான் இத்தன மெனக்கெட்டு வெளக்குனேன். புரிஞ்சுதுங்களா?

— நல்லாப் புரிஞ்சுது. உன்றகிட்டப் படிக்கற புள்ளைக குடுத்து வெச்சதுக.

— அப்பாடா! இப்பத்தானுங்க எனக்கு உசுரு வந்துச்சு. அப்பப் பத்திரத்த மாத்தி எழுதச் சொல்லிருங்க. தெரியாம எழுதிப்போட்டோம்னு சொன்னா ரைட்டரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு.

— தெரியாம எழுதியிருந்தாத்தான அம்மணி மாத்தோணும்.