ஜன்னல் சாத்திய மத்தியானம்

பனிமூட்டம் இறங்கினால் ஜன்னலைச் சாத்துவது எங்கள் பக்கத்தில் ஒரு குற்றமே அல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்குக் கை தானாகவே கொக்கிக்குப் போகும். அன்று அதைச் சாத்தியதும் நான் அல்ல, ஷாமிலாதான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வுகூடம் தலவாக்கலைக்கு மேலே, மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் இருக்கிறது. வேலை இதுதான். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளை வரிசை குலையாமல் அடுக்கினால் ஒளிப் படிகம் கிடைக்கும். அதற்குள் குவாண்டம் புள்ளிகள் என்னும் நுண்துகள்களை வைத்து லேசரால் தட்டினால் சிவப்பாக ஒளிரும். படிகம் அந்த ஒளியைச் சட்டென்று வெளியே விடாமல் பிடித்துவைக்கிறதா என்று பார்க்க, வெறும் கண்ணாடித் தகட்டில் வைத்த புள்ளிகளோடு ஒப்பிடுவோம். பிடித்துவைக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன்.

கொட்டகலை பஸாரில் பேனர் கட்டினார்கள். ‘ஒளியைச் சிறைபிடித்த மலையக மகள், கந்தப்பன் மகள் புவனேஸ்வரி’ என்று ஆளுயரப் படம். தேநீர்க் கடை ஸுஹைர் நானா, நான் போனால் எழுந்து நின்று தேநீர் தருவார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அப்பாவை எடா புடா என்று கூப்பிட்ட தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா வீடு தேடி வந்து கைகொடுத்தார். அந்தப் பேனரை யாராவது கழற்றுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, ஐயா.

ஷாமிலா பொகவந்தலாவைக்காரி. எனக்கு உதவியாக வந்தவள். அவளை எனக்குப் பிடிக்காது. மறைக்க என்ன இருக்கிறது. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே “ஏன்க்கா?” என்பாள். அந்தக் கேள்வி கொசு மாதிரி காதையே சுற்றும்.

ஒருநாள் அவளே பதிலோடு வந்தாள்.

“அக்கா, கோவிக்காதீங்க. படிகம் ஒளியப் பிடிக்கவே இல்லங்க. வெளிய தகட்டுல வச்ச புள்ளிங்களத்தான் மிஸ்ட் கெடுத்திருக்கு. அதுங்க சீக்கிரமா அணையுது. அதோட ஒப்பிட்டா உள்ள இருக்கிறது மெதுவாத்தானே தெரியும்?”

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லக்கா, மொதல்ல ஒங்ககிட்டதான். கண்டியில நடக்கப்போற ஆராய்ச்சிக் கூட்டத்துல நீங்களே சொல்லிட்டீங்கன்னா மரியாதயா இருக்கும். நா கூட நிக்கிறேன்.”

கூட நிற்பாளாம். எனக்கே பிச்சை போட்டாள்.

பனி உள்ளே வந்ததற்குக் காரணம் ஜன்னல். புள்ளிகளைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறோம். அது ஆவியாகி அறையை நிரப்பினால் மூச்சுவிடக் காற்று இருக்காது. வாசனையும் இல்லை, மூச்சும் திணறாது. ஆளுக்குத் தெரியாமலே ஆள் சாய்ந்துவிடும். ஆகவே இருட்டறையின் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் இந்த மலையில் ஒரு மத்தியானம்கூட இருந்ததில்லை.

“அப்ப ஜன்னலச் சாத்திட்டு ஒருக்கா அளந்து பாத்துரு” என்றேன்.

“நைட்ரஜன் ஊத்துறப்ப சாத்தக் கூடாதேக்கா?”

“அதுக்குத்தானே அலாரம் மாட்டியிருக்கு. காத்து கொறஞ்சா அது கத்தாதா?”

யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நான் சொன்னால் நம்புவாள். அது அவளுடைய பழக்கம்; அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவள் இருட்டறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினாள். நைட்ரஜன் குறையக் குறைய ஊற்ற ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். நான் அடுத்த அறையில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலாரத்தின் பேட்டரி என் ஸ்வெட்டர் பையில் இருந்தது. இதோ, மேசையில் வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் இருந்த பெரிய நைட்ரஜன் கொள்கலனின் வால்வை அவள் சாப்பிடப் போயிருந்தபோது சற்றுத் தளர்த்தியிருந்தேன். பம்பு இரைச்சலில் அது காதில் விழாது.

திரையில் ஒளி அணையும் வேகத்தைக் காட்டும் இரண்டு கோடுகள் மெல்ல மெல்ல வளர்ந்தன. ஒன்று படிகத்துக்குள் இருக்கும் புள்ளிகளுடையது, மற்றது தகட்டில் இருப்பவற்றுடையது. நேர்த்தியான அளவீடு. அந்தப் பிள்ளைக்குக் கை சுத்தம், அதை நான் மறுக்கவில்லை.

பிறகு உள்ளே ஸ்டூல் சரிந்த சத்தம் கேட்டது.

அப்போதே ஏன் கதவைத் திறக்கவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஐயா. அது எரியும்போது திறந்தால் வெளிச்சம் உள்ளே போய் அளவீடு கெட்டுவிடும். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஆத்திரத்தில் கொலை செய்கிறவள் இதையெல்லாம் பார்ப்பாளா? தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். அளவீடு முடிந்து விளக்கு தானாக அணையும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன்.

இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. அவள் சொன்னதுதான் சரி.

அந்த அளவீட்டை அழித்துவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தேன்.