அஞ்சுக்கு மேல

இல்லம்மா, டீ வேண்டாம். ஃபாரத்துல கேக்காத விஷயம் ஒண்ணு சொல்லணும். இந்த ஹோம்ல தமிழ் பேசுற டீச்சர் நீங்க ஒருத்தர்தான்னாங்க, அதான் உங்களையே தேடி வந்தேன்.

ஆமா, அந்த ஜன்னல்கிட்ட நிக்கிறவதான். பிரியம்வதா. மார்கழி வந்தா பதினாலு. அவங்க அப்பா துறைமுகத்துல வேலைல இருந்தாரு, தவறி ஆறு வருஷமாச்சு. நான் லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக்கடை வச்சிருந்தேன்.

எது நிறைய, எது கம்மி. இந்த ஒரு பாடத்துக்கு ஒம்போது வருஷம் மெனக்கெட்டேம்மா. நாலு இட்லிய தட்டுல பரப்பி வைப்பேன், ஆறு இட்லிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வைப்பேன். பரப்பினதுதான் நிறையம்பா. எண்ணுடின்னா ஆறு வரைக்கும் ஒழுங்கா எண்ணுவா. எண்ணி முடிச்சிட்டு திரும்பப் பரப்பினதத்தான் காட்டுவா. டிராம் வந்தா அதோட நம்பரக் காட்டி, இருபத்துநாலு பெரிசா இருபத்தொம்போது பெரிசாம்பேன். எது முன்னால வந்துச்சோ அது பெரிசாம். எட்டு டீச்சர் மாத்தியாச்சு. பெங்காலில சொன்னா ஏறுமோன்னு பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவக்கூட உக்கார வச்சுப் பாத்தேன். ஒரு தடவ ஆத்திரத்துல கைல அடிச்சிட்டேன். அத நெனச்சா இன்னிக்கும் சோறு எறங்காது.

இல்ல, முழுசா வராமப் போயிரல. போன மாசம் திடீர்னு புடிச்சுக்கிட்டா. இந்தப் பக்கம் ரெண்டு சந்தேஷ் ஸ்வீட்டு, அந்தப் பக்கம் மூணு. மூணத் தொட்டா. நாலையும் அஞ்சையும் வச்சேன், அஞ்சத் தொட்டா. நாலப் பரப்பி வச்சும் ஏமாறல. வேற யாராயிருந்தாலும் தெருவுக்கே சந்தேஷ் குடுத்திருப்பாங்க. நான் அஞ்சோட நிறுத்தி, மிச்சத்த டப்பாவுல போட்டு மூடிட்டேன்.

ஏன்னா, அவளுக்கு இப்ப அஞ்சு வரைக்கும்தான் வித்தியாசம் தெரியுது. அதுக்கு மேல பத்தும் ஒண்ணுதான், நூறும் ஒண்ணுதான். அம்மா பத்து நாள்ல வந்துருவேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். தெனம் காலைல பத்து நாள் ஆச்சான்னு கேப்பா. இன்னும் ஆகலம்மான்னு சொல்லுங்க. பதினொண்ணாம் நாளும் அதையே சொல்லுங்க. முப்பதாம் நாளும் அதேதான். அவ நம்பிருவா.

பாவந்தான். தெரிஞ்சுதான் கேக்குறேன். இத்தன வருஷம் எப்படியாவது சொல்லிக் குடுங்கன்னு ஒவ்வொருத்தர் கால்லயும் விழாத குறையாக் கெஞ்சினேன். உங்ககிட்ட சொல்லிக் குடுக்காதீங்கன்னு கெஞ்சுறேன். பாட்டு சொல்லிக் குடுங்க, துணி மடிக்கச் சொல்லிக் குடுங்க, நல்லா செய்வா. அஞ்சுக்கு மேல மட்டும் போயிராதீங்க.

இல்லம்மா, ஊருக்கெல்லாம் போகல. எனக்கு ஈரல் வரைக்கும் பரவிருச்சாம். துர்கா பூஜை வரைக்கும் தாங்கும்னாரு டாக்டர். எங்க தெருவுல நேத்தே பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பிச்சுட்டாங்க.