மூலைக் கட்டம்

– உன் பேருக்கு முப்பதாயிரம். அதுக்கு மேல ஒத்த பைசா கெடியாது. இன்னா சொல்ற ஜெபா?

– என் பேரு விக்கதுக்கு இருக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னா, கஜபதி சார்?

– முழுப் பேரும் இல்லம்மா. ஊட்ல, ரேஷன் கார்டுல நீயே வச்சிக்கோ. டிராயிங்கு மூலைல, டிசைன் பண்ணது யாருன்னு ஒரு கட்டம் கீதுல்ல, அந்தத் துளியூண்டு கட்டத்துல கீற பேரு மட்டும். அங்க எம் புள்ள ரோஹித் பேரு வரணும். சதுர அடி கணக்குப் பாத்தா அண்ணா நகர்ல கூட இந்த ரேட்டு கெடைக்காது.

– ரோஹித் எதை டிசைன் பண்ணினாரு? அவரு மேசையில காபிக் கறையைத் தவிர நான் எதையும் பாத்ததில்லையே.

– லண்டன்ல படிச்ச பையனப் பத்தி மருவாதியா பேசு.

– படிச்சாருல்லா. வந்த அன்னைக்கே, மை எந்தப் பக்கமா உள்ள போகும்னு என்கிட்ட கேட்டாரு. அம்புக்குறி போட்டுக் குடுத்தேன்.

– நீ மட்டும் இன்னாத்த கிழிச்சிட்ட? தண்ணி பாட்டில் மேல தேதி அடிக்கிற பிரின்டரு. அதுல மை போற வழில ஒரு டப்பா. வெள்ளக்காரன் ஏற்கெனவே சோப்பு டப்பா சைசுல பண்ணி வச்சிருந்தான். நீ அத்த தீப்பெட்டி சைசுக்குக் குறுக்கின. சலவைக்குப் போட்ட சட்டையுந்தான் குறுகுது, அதுக்கு எந்த வண்ணானாச்சும் பேரு போட்டுக்கினானா?

– அந்த டப்பாவுக்கு டேம்பர்னு பேரு சார். பம்பு தள்ளுத ஒவ்வொரு தள்ளுக்கும் மை துள்ளும். உள்ள இருக்க மெல்லிசு சவ்வு அந்தத் துள்ளலை வாங்கிக்கிடும். வாங்கலைன்னா தேதியில மூணு, எட்டாத் தெரியும். கெட்டுப்போன தண்ணியை ஊரே குடிக்கும். அந்தச் சவ்வைப் பாதி எடத்துல வேலை செய்ய வைக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. உங்களுக்கு அது சலவை.

– கோவத்தப் பாரு! எங்கப்பன் பூந்தமல்லி மார்க்கெட்ல பழைய இரும்பு வித்தவரு. இத்த உருக்கினது யாருன்னு எவனும் கேக்கல. கடை போர்டுல எவன் பேரு கீதுன்னுதான் பாத்தான்.

– அப்ப வாசல் போர்டுல எழுதிக்கிடுங்க ரோஹித் பேரை. அம்பத்தூர் எஸ்டேட்டே பாக்கட்டும். கட்டம் என்னோடது.

– முப்பத்தஞ்சு.

– என்னது சார், கத்திரிக்காயா?

– சேக்காட்டுல பிளாட்டு வாங்கிகீற. மாசம் பொறந்தா டியூ. ரோசத்த பேங்க்குல எண்ணி வாங்கிக்க மாட்டான். நாப்பது. கடைசி.

– டியூவை எப்படியும் கட்டிக்கிடுவேன். ஆர்டர் குடுக்கப் போற புனே கம்பெனிக்காரங்க வந்து, இதைச் செஞ்சது யாருன்னு கேக்கும்போது நான் எந்திரிச்சு நிக்கணும். அதுக்காகத்தான் உங்க டீயையும் உங்க பேச்சையும் சேத்து முழுங்கிட்டு இந்த ஷெட்டுல கெடக்கேன்.

– எந்திரிச்சு நிக்கப் போறியா? யம்மா, அவங்க வந்து மாடில குந்திகினு கீறாங்க. ரோஹித்துதான் எல்லாம் காட்டிகினு கீறான்.

– இன்னைக்கா? வியாழக்கிழமைன்னு சொன்னீங்க!

– உனக்கு வியாழக்கிழம. அவங்களுக்கு இன்னிக்கி.

– என்னத்தை எடுத்துக் காட்டுதாரு?

– டப்பாவத்தான். டிராயிங்கு அவன் பேர்லயே போயி, அச்சு வெட்டி, ஐநூறு பீஸு வார்த்து, அட்டப்பெட்டில அடுக்கியும் ஆயிடுச்சு. உன்னாண்ட கேக்கறது ஒரு மருவாதிக்கு. அப்பால நீ எங்கியாச்சும் போயி, அது என்னுதுன்னு பேஜாரு பண்ணக்கூடாது பாரு.

– திருடிட்டு, திருட்டுக் குடுத்தவகிட்ட ரசீது கேக்குதீங்க.

– ரசீது இல்லாம எங்கூட்ல எதுவும் வாங்கறதில்ல.

– அப்பா! அப்பா, சீக்கிரம் மேல வாங்க!

– இன்னா ரோஹித்து, பெரிய மனுசங்கள உட்டுட்டு இப்பிடி ஓடியாற? சட்டையெல்லாம் இன்னாடா கறுப்பு?

– டப்பா லீக் ஆகுதுப்பா. ஒண்ணு இல்ல, மாட்டின எல்லாமே. அந்தப் புனே மேனேஜர் மூஞ்சி மேலயே பீச்சி அடிச்சிடுச்சு. துடைச்சுக்கிட்டே, டிசைனர் யாருன்னு கேக்கறார்.

– நீ இன்னா சொன்ன?

– நான்தான்னு காலைலயே கை குடுத்துச் சொல்லிட்டேனே. கார்டு வேற குடுத்திருக்கேன்.

– ஜெபா, எழுந்துரு, மேல வா. டிசைன் போட்டது நீதான்னு சொல்லிடு. ரோஹித்து சும்மா பேருக்கு கையெழுத்து போட்டான்னு சொல்லு. கட்டத்த நீயே வச்சிக்கோ, ஓசில தரேன்.

– இப்பதான் நாப்பதாயிரம் பெறும்னீங்க.

– நக்கல் பண்ற நேரமா இது? ஆர்டரு போனா ஷெட்டே போச்சும்மா! சம்பளம் வாங்கிகினு ஒழுகுற டப்பாவா போட்டு வச்ச? இதுக்கா அவ்ளோ ரோசம்?

– பொறுங்க. நான் அச்சுக்கு எடுத்து வச்சிருந்த டேம்பர் மூணு மாசம் ராப்பகலா பம்புல ஓடிச்சு. ஒரு சொட்டு கசியல. ரோஹித், நீங்க எந்த டிராயிங்கை எடுத்தீங்க?

– உங்க கம்ப்யூட்டர்ல ஆறு இருந்துது. இருக்கறதுலயே சின்னதை எடுத்தேன். அவங்க சின்னதாதானே கேட்டாங்க? அதோட, மத்ததுல எல்லாம் உங்க பேர் இருந்துது. அதுல மட்டும் கட்டம் காலி. அழிக்கற வேலை மிச்சம்னு...

– காலியா ஏம்மா உட்ட? எல்லாத்துலயும் பேரு போட்டவ அதுல மட்டும் ஏன் போடல?

– ஓடவிட்டுப் பாத்து, தேறினாத்தான் சார் நான் பேரு போடுவேன். ஒண்ணை விட ஒண்ணு சின்னதா ஆறு வரைஞ்சேன். அஞ்சு தேறிச்சு, அஞ்சுலயும் ஜெபான்னு போட்டேன். ஆறாவதுல ஆசைப்பட்டு அளவுக்கு மேல சுருக்கிட்டேன். சவ்வு மையில ஊறிக் கிழிஞ்சு ஒழுகிட்டுது, அதனால போடல. ஆறு டிராயிங்குக்கு அஞ்சு பேரு, ஒண்ணு பாக்கி நின்னுச்சு. அதை உங்க பையன் போட்டுட்டாரு. கணக்கு நேராயிட்டுது.